முகம் தெரியாதவர்கள் எப்படி நம்புவார்கள்?

அன்புள்ள கயலுக்கு,

தொக்குக்கும் பொடிக்கும் லேபிள் தயாராகிறது என்று எழுதியிருந்தாய். முகம் தெரியாதவர்கள் எப்படி நம்பி வாங்குவார்கள் என்றும் கேட்டிருந்தாய். என் வேதியியல் வகுப்பில் ஆண்டுதோறும் கெச்சப்புக்குப் பெயர்போன ஹைன்ஸ் பற்றிச் சொல்வேன். அதையே உனக்கும் சொல்கிறேன்.

1869-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஹென்றி ஹைன்ஸ் என்ற இளைஞர் விற்கத் தொடங்கிய முதல் பொருள் ஹார்ஸ்ராடிஷ். காரமான ஒரு வேர். துருவும்போதே கண்ணில் நீர் கொட்டும். அன்றைய வியாபாரிகள் அதைப் பச்சை, பழுப்பு நிற பாட்டில்களில் அடைத்து விற்றார்கள். உள்ளே டர்னிப் கிழங்கைத் துருவிக் கலந்திருந்தாலும் வெளியே தெரியாது. ஹைன்ஸோ நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் அடைத்தார். இருப்பது இதுதான், நீங்களே பாருங்கள் என்பதுபோல. 1875-இல் அவருடைய முதல் கம்பெனி திவாலானது. அந்தக் கடனைப் பின்னாளில் அடைத்தார். சந்தையில் பெயர் நிற்க அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அப்புறம் தொழிற்சாலையையே மக்களுக்குத் திறந்துவிட்டார். வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் ஊறுகாய் அடுக்குவதைப் பார்வையாளர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அந்தப் பெண்களின் நகங்களைச் சுத்தம் செய்துவிடத் தனியாக ஆள் வைத்திருந்தார்! சுற்றிப் பார்த்து முடிந்ததும் ருசி பார்க்கவும் கொடுப்பார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது கெச்சப் விவகாரம். அப்போது பலரும் தக்காளியை டப்பாவில் அடைக்கும் ஆலைகளில் கழித்த தோலையும் காம்புப் பகுதியையும் வைத்தே கெச்சப் செய்தார்கள். புளித்துப் போகாமலிருக்க சோடியம் பென்சோயேட் என்ற ரசாயனம், கவர்ச்சிக்கு நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த சாயம். ஹைன்ஸ் ஆட்கள் நன்றாகப் பழுத்த தக்காளியை எடுத்து, வினிகரையும் சர்க்கரையையும் கூட்டி, பென்சோயேட் இல்லாமலே கெடாத கெச்சப்பைச் செய்துகாட்டினார்கள். இன்று கெச்சப்பில் சர்க்கரை அதிகம் என்று நாம் குறை சொல்கிறோமே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. விலையும் கூடியது. ஆனாலும் மக்கள் வாங்கினார்கள்.

கலப்படத்துக்கு எதிராக அரசு வேதியியலாளர் ஹார்வி வைலி போராடியபோது, உணவு முதலாளிகள் பலர் எதிர்த்தார்கள், ஹைன்ஸ் ஆதரித்தார். 1906-இல் சட்டம் வந்தது. மலிவாகச் செய்து விற்ற போட்டியாளர்களுக்கு அது இடி என்பதால் அவருக்கும் லாபம்தான். அதனால் அவர் தந்த ஆதரவின் மதிப்பு குறைந்துவிடாது. பிறர் சோதிக்கலாம் என்று தைரியமாகச் சொல்ல, சரக்கு சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

உன் தொக்குக்கும் நிறமில்லாத பாட்டிலே போடு. வெயில் படாமல் வை. எந்த எண்ணெய், எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடு. லேபிள் மாதிரி வந்ததும் பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்பு, நான் படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா