லாக் உடைந்தால் வாங்கியவர் என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறிய அச்சகம் ஒன்றும் அதனோடு சேர்ந்த டிடிபி மையமும் நடத்தி வருகிறேன். மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் பிரதி எடுப்பது குற்றம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், காசு கொடுத்து வாங்கியவரை அந்தத் திருட்டைத் தடுக்கும் பூட்டு படுத்தும் பாட்டை யாரும் பேசுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

தமிழ் எழுத்துருக்களோடு வரும் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றை, அன்றைய என் வசதிக்கு மீறிய விலை கொடுத்து வாங்கினேன். அதனுடன் தீப்பெட்டி அளவில் ஒரு ஹார்டுவேர் லாக் கொடுத்தார்கள். பிரிண்டர் வயரைச் செருகும் இடத்தில் அதை மாட்டினால்தான் மென்பொருள் திறக்கும். சில ஆண்டுகளில் புதிய கணினிகளில் அந்தச் செருகுவாயே இல்லாமல் போய்விட, லாக்குக்காகவே ஒரு பழைய கணினியைத் தூசு தட்டித் தட்டி ஓட்டினேன். பிறகு தனிக் கட்டணம் செலுத்தி யூ.எஸ்.பி. லாக்காக மாற்றிக்கொண்டேன். சென்ற வைகாசியில், கடை பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது வளைந்துவிட்டது. திரையில் ‘லாக் காணவில்லை’ என்ற அறிவிப்பு. மேசையில் ப்ரூஃப் பார்த்து முடித்த மூன்று கல்யாணப் பத்திரிகைகள். முகூர்த்தத்துக்கோ பன்னிரண்டே நாள்.

நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். உடைந்த லாக்கைக் கூரியரில் அனுப்பினால் சோதித்துப் பார்த்துவிட்டு, மென்பொருள் விலையில் ஏறக்குறைய பாதியைக் கட்டணமாகப் பெற்றுக்கொண்டு வேறு தருவார்களாம். தொலைந்துபோயிருந்தால் முழு விலைக்குப் புதிதாகவே வாங்க வேண்டுமாம். வாங்கிய ரசீது என்னிடம் இருந்தது, பதிவு எண் அவர்களிடமே இருந்தது. இரண்டும் எனக்கு உதவவில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: இரண்டு தெரு தள்ளி, அதே மென்பொருளின் பூட்டு உடைத்த பிரதியை நான்கு கணினிகளில் போட்டு ஓட்டும் கடைக்குப் பென் டிரைவோடு போய்த்தான் அந்தப் பத்திரிகைகளை முடித்தேன். அங்கே லாக்கும் இல்லை, லாக் உடையும் பயமும் இல்லை.

வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு எங்கள் தொழிலின் சிக்கல் தெரியாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடு பரவலாவதற்கு முன், எந்த எழுத்துக்கு எந்த எண் என்று குறிக்கும் குறியேற்றத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனியாக வைத்திருந்தது; 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று பொதுக் குறியேற்றங்களை அறிவித்த பிறகும் பழைய வழக்கம் உடனே மறைந்துவிடவில்லை. அந்த நாளில் செய்த கோயில் மலரையோ சங்க ஆண்டு மலரையோ மறுபதிப்புக்குக் கொண்டுவந்தால், அதே எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். ஆகவே அந்த லாக் பூட்டி வைத்திருப்பது நிறுவனத்தின் மென்பொருளை மட்டுமல்ல, என் வாடிக்கையாளர்களின் பல ஆண்டு வேலையையும்தான்.

இப்போது லாக்குக்குப் பதிலாக இணையவழி ஆக்டிவேஷன், அதாவது நிறுவனத்தின் சர்வரிடம் இணையத்தில் அனுமதி பெற்றால்தான் மென்பொருள் திறக்கும் முறை, வந்திருக்கிறது. ஹார்டு டிஸ்க் பழுதாகி மறுபடி நிறுவினால் அதையும் ஒரு புதிய கணினியாகக் கணக்கிட்டு, அனுமதித்த எண்ணிக்கை முடிந்தது என்கிறார்கள். நிறுவனத்தின் சர்வர் படுத்துவிட்டாலும் இதே கதிதான். 2010-இல் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சர்வர் செயலிழந்தபோது, எந்நேரமும் இணைப்பு கேட்கும் அதன் விளையாட்டுகளைக் காசு கொடுத்து வாங்கியவர்களாலேயே விளையாட முடியவில்லை.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, முறைப்படி மென்பொருளை வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் காப்பாகப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது. ஆனால் லாக் இல்லாமல் திறக்காத மென்பொருளுக்கு எத்தனை பிரதி எடுத்து வைத்து என்ன பயன்? அமெரிக்காவில் நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் நூலகர், பூட்டை உடைப்பதைத் தடுக்கும் சட்டத்துக்கு 2003-இல் வெளியிட்ட விதிவிலக்குகளில், பழுதாகி, மாற்றும் கிடைக்காமல் வழக்கொழிந்துபோன இத்தகைய லாக்குகளையும் சேர்த்தார். நம் சட்டத்தில் இவ்வளவு வெளிப்படையான ஏற்பாடு இல்லை.

தமிழ் மென்பொருள் செய்பவர்கள் பெரும்பாலும் சிறிய நிறுவனங்கள் என்பதும், திருட்டுப் பிரதிகளால் அவர்கள் நொடித்துப்போனதும் எனக்குத் தெரியும். பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரசீதோடு வருபவரிடம் பழைய லாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடக்க விலைக்கு வேறு தரலாம். அது வந்து சேரும்வரை வேலை நிற்காதபடி, பதினைந்து நாள் செல்லுபடியாகும் தற்காலிக எண் ஒன்றைத் தொலைபேசியிலேயே கொடுக்கலாம். நிறுவனத்தை மூடும் நாள் வந்தால் பூட்டில்லாத பதிப்பை வாங்கியவர்களுக்கு வழங்கிவிடலாம். அடோபி நிறுவனம் 2012 டிசம்பரில் தன் பழைய சி.எஸ்.2 வடிவமைப்பு மென்பொருள் தொகுப்புக்கான ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்திய பிறகு, ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பையும் அதற்கான எண்ணையும் வெளியிட்டது. வாங்கும்போதே இவற்றை ரசீதின் பின்பக்கம் அச்சிட்டுத் தர வேண்டும் என்று நுகர்வோர் துறை விதி செய்தால் போதும்.

பாதி விலை கொடுத்து வாங்கிய புது லாக்கை இப்போது கணினியின் பின்புறம் செருகி, அதன் மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். கடை பெருக்கும் பையனுக்கு அந்தப் பக்கம் போக அனுமதி இல்லை.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
திண்டுக்கல்.