ஆண்டறிக்கை: இந்த வருடம் பார்த்ததும் தவறவிட்டதும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மழை வருமோ என்று குடையோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன வருடம் நான் அறிக்கை படித்துக்கொண்டிருந்தபோது பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிட்டீர்கள். அதனால் இந்தத் தடவை டீயை முதலிலேயே கொடுத்தாயிற்று.

வடசென்னையின் பழைய இடங்களை நடந்து பார்க்க எட்டு நடை போவதாகத் திட்டம், ஆறுதான் நடந்தது. ஒன்று ஐப்பசி மழையில் போனது, இன்னொன்று நான் வாட்ஸ்அப்பில் தேதியைத் தப்பாகப் போட்டதால் போனது. காலை ஆறு மணிக்குக் கல்மண்டபத்தில் வந்து நின்று ஏமாந்த நான்கு பேரிடமும் மறுபடி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இராயபுரம் ஸ்டேஷன் நடையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் பதிவில் இருக்கட்டும். இந்தியாவின் முதல் ரயில் நிலையம் இதுதான் என்று எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் அங்கேயே நிறுத்தினார். “தம்பி, முதல் வண்டி 1853-லேயே பம்பாயில் ஓடியாச்சு. நம்முடையது 1856, வாலாஜா ரோடு வரைக்கும். ஆனா அங்கே அந்த ஆரம்ப கால ஸ்டேஷன் கட்டடம் இல்லை, நம்ம கட்டடம் இன்னும் நிக்குது. அதைச் சொல்லு, போதும்.” அன்றிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன்.

அன்றைக்கே அங்கிருந்து நடந்து புனித பேதுரு தேவாலயத்துக்குப் போனோம். 1829-ல் படகோட்டிச் சமூகத்தார் எழுப்பியது. துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளானாலும் சரக்கானாலும் அலையைத் தாண்டிக் கரை சேர மசூலாப் படகை விட்டால் வேறு வழி இல்லை, ஆகவே அந்தப் படகை ஓட்டத் தெரிந்தவர்கள் இல்லாமல் கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரமே ஓடியிருக்காது. பேதுருவைத் தமிழில் இராயப்பர் என்பார்கள், அதிலிருந்துதான் இராயபுரம். பார்சிகளின் அக்கினிக் கோயில் 1910-ல் கட்டியது, தமிழ்நாட்டில் இருப்பதே அது ஒன்றுதான். பார்சி அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது, வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

காலாடிப்பேட்டை நடைக்குத்தான் கூட்டம் அதிகம். அந்த ஊர்க்காரர்கள் பள்ளிக்கூட நாளிலிருந்து பெயருக்காகக் கேலி கேட்டு வளர்ந்தவர்கள். வேலையில்லாமல் ஊர் சுற்றும் காலாடிக்கும் அந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை. 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை, காலட் பேட்டை. நம் வாய்க்குள் போய் அது காலாடியாகி வெளியே வந்தது. இதைக் கேட்டதும் ஒரு அம்மா, “அறுபது வருஷமா எனக்கு யாரும் சொல்லலையே” என்று கோபமாகவே கேட்டார்.

திருவொற்றியூர்க் கோயிலுக்கு அரை நாள் பத்தவில்லை. முதலாம் இராஜேந்திரன் காலத்துக் கருங்கல் விமானம், பின்பக்கம் யானை படுத்திருக்கிற மாதிரி வளைந்து போகும் தூங்கானை மாடம். கட்டியவர் ரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டிலேயே இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வேலை செய்தவர் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் தாத்தா வீட்டைக் கட்டிய கொத்தனார் பெயர் தெரியுமா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து வீடு. அதை இடிக்கப் போகிறார்கள் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தகவல் வந்தது. இடிப்பு காண்ட்ராக்டர் கையில் காலில் விழாத குறையாகக் கேட்டதில் சனிக்கிழமை ஒரு நாள் கொடுத்தார். திண்ணை, ரேழி, முற்றம், முற்றத்தைச் சுற்றி நான்கு மரத்தூண். முகப்பில் சுதையில் ஆண்டு போட்டிருந்தது, ஆனால் வெள்ளையடித்து வெள்ளையடித்துக் கடைசி எண் மழுங்கிவிட்டது. உறுப்பினர் ஒருவரின் மகள் கட்டடக்கலை படிக்கிறாள், அவள் டேப் பிடித்து அளக்க, நாங்கள் நோட்டில் எழுதினோம். மேலே பார்த்தால் மெட்ராஸ் டெர்ரஸ். பர்மாத் தேக்குக் கட்டைகளை நெருக்கி நெருக்கிப் போட்டு, அதன் மேல் சின்னச் செங்கற்களைக் குறுக்குச் சாய்வாகச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு வைத்துக் கட்டிய தளம். கடப்பாரையோடு வந்த கொத்தனாரே நின்று விளக்கினார்: கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. அடுக்கின செங்கல் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளித்து, பொம்பளைங்க வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்களாம். அவர் ஆயா அப்படி அடித்தவராம். சொல்லி முடித்துவிட்டு மாடிக்கு ஏறினார். மறுநாள் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தேக்கு எல்லாம் பழைய மரக்கடைக்கு முதல் லோடிலேயே போய்விட்டது.

ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் கவலைப்பட நாலு பேர் இருக்கிறார்கள். இந்த மாதிரி வீட்டுக்கு யாரும் இல்லை. 2021-ல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்தபின் மனைக்கு மவுசு கூடிவிட்டது, ஒரே வீட்டுக்கு ஏழெட்டுப் பங்காளிகள், மழைக்கு ஒழுகும் கூரை. அவர்களிடம் போய் இடிக்காதீர்கள் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அதைச் சொல்லவும் இல்லை. இடிக்கும் முன் அளந்து படம் எடுக்க ஒரு நாள் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. இடிக்க அனுமதி கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் சொல்லலாமே என்று ஓர் அலுவலகத்துக்கு மூன்று மனு கொடுத்தோம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை, மூன்றாவதை வாங்கியவர் “நீங்க யாரு?” என்று கேட்டார். அதுவே முன்னேற்றம்தான்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கம்பெனிக்காரர்கள் பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு நகரைச் சுற்றி மதில் எழுப்பி, செலவை ஊராரிடம் வரியாக வாங்கப் பார்த்தார்கள். வரியை யாரும் கட்டவில்லை, மதில் வரி என்று அர்த்தமாகும் வால்டாக்ஸ் ரோடு என்று பெயர் மட்டும் நின்றுவிட்டது. நம் சந்தா நோட்டும் அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

வரும் வருடம் நடையைக் குறைத்து, வீடுகளை அளக்கும் வேலையைக் கூட்டலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. உங்கள் தெருவில் திண்ணை வைத்த வீட்டின் முன் மணல் லாரி நின்றால் உடனே எனக்குப் போன் போடுங்கள், ராத்திரி பத்து மணியானாலும் பரவாயில்லை. அப்புறம், அந்த வீட்டுச் செங்கல் ஒன்று மேசை மேல் இருந்தது, ஒரு இஞ்ச் கனம்தான் இருக்கும், எல்லோரும் கையில் வாங்கிப் பார்க்கட்டும் என்று வைத்தேன். இப்போது காணவில்லை. யார் கையில் இருந்தாலும் போகும்போது வைத்துவிட்டுப் போகவும்.