செயலாளர் ஆண்டறிக்கை: முதியோர் இல்லத்தில் ராத்திரி முழித்திருப்பது யார்?

சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வழக்கமான விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பொங்கல் விளையாட்டுப் போட்டி நல்லபடியாக நடந்தது, வடம் இழுப்பதில் வந்த சண்டையும் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. குளக்கரைச் சுத்தம் பாதியில் நிற்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி முழுக்க நம் பகுதியில் இருக்கும் முதியோர் இல்லத்தைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த வருஷம் நாம் அதிகம் பேசியதும் கோபப்பட்டதும் அதற்காகத்தான்.

மழைக்காலத்தில் அங்கே ஓர் ஆச்சி ராத்திரி கக்கூஸுக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது உங்களுக்குத் தெரியும். "வயசானால் விழத்தான் செய்வாங்க" என்று நிர்வாகம் சொன்னது. நம் பார்வைக் குழு போய்ப் பார்த்தபோது நடைபாதையில் விளக்கு இல்லை, தரை ஈரம், கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், போதாக்குறைக்கு அமைதியாகப் படுக்கட்டும் என்று பலருக்கும் தூக்க மாத்திரை. பிரஷர் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் எழுந்து நின்றதும் தலை சுற்றத்தான் செய்யும். இதில் வயசின் குற்றம் எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள். இப்போது கைப்பிடியும் ராத்திரி விளக்கும் வந்துவிட்டன, ஒரு டாக்டர் வந்து எல்லாருடைய மாத்திரைகளையும் பார்த்துச் சிலதை நிறுத்தினார்.

அடுத்தது படுக்கைப்புண். எழ முடியாதவர்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், அதற்கு ஒரு அட்டவணையும் சுவரில் தொங்குகிறது. நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரி ஒன்பது மணிக்குப் போனபோது மறுநாள் காலை ஆறு மணி வரைக்கும் அதில் டிக் போட்டிருந்தது! அந்த அட்டெண்டரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, ரெண்டு மாடிக்கும் சேர்த்து அவர் ஒருத்தர்தான், பகலிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஊருக்கெல்லாம் நர்ஸ் அனுப்புகிற மாவட்டத்தில் நம் பாட்டாமாருக்கு ராத்திரி டூட்டிக்கு ஆள் கிடைக்கவில்லை. காற்று மெத்தை இருக்கிறதே என்றார்கள், சரி, ஆனால் அது மோட்டாரில் ஓடுவது, கரண்ட் போனால் வெறும் ரப்பர். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்கு அப்புறம் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பதை மறந்துவிட்டார்கள் போல. இன்வெர்ட்டர் வாங்கச் சொல்லியிருக்கிறோம், இன்னும் வாங்கவில்லை.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் நம்மில் பலர் அங்கே பிரியாணி, பாயசம் என்று கொடுக்கிறோம். மனசு நல்லதுதான், ஆனால் அங்கே பலருக்கும் சர்க்கரை, பக்கவாதம் வந்த சிலருக்கு விழுங்கவே சிரமம், அவர்களை நிமிர்த்தி உட்காரவைத்து மெதுவாக ஊட்டாவிட்டால் சோறு நுரையீரலுக்குப் போய்விடும். ஊட்ட ஆள் இல்லாத இடத்தில் சாப்பாடு மட்டும் குவிந்து என்ன பயன்? அந்தப் பணத்தை ஒன்றாகச் சேர்த்து ராத்திரிக்கு இன்னொரு ஆளுக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம் என்று குழு சொன்னதும், "அன்னதானத்தை நிறுத்தச் சொல்ல நீங்க யாரு" என்று சில மூத்த உறுப்பினர்கள் கோபப்பட்டார்கள். சம்பளம் கொடுத்தால் போர்டில் பெயர் வராது என்பது உண்மைதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கவனித்துக்கொள்வதாகச் சொல்லி வீட்டை எழுதி வாங்கிவிட்டு இங்கே கொண்டுவந்து விட்ட கதைகளும் காதில் விழுந்தன. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில், அப்படி நிபந்தனையோடு எழுதிக் கொடுத்ததை ரத்து செய்ய வழி இருக்கிறது, கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். முதியோர் உதவி எண் 14567-ஐ இல்லத்தின் வராந்தாவில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம், முதலில் ஒட்டியது கிழிக்கப்பட்டதால் இப்போது பெயிண்டிலேயே எழுதியாயிற்று.

ராத்திரி ஆள் சம்பளத் தீர்மானம் இன்றைக்கு ஓட்டுக்கு வருகிறது. பார்வைக் குழுவுக்கு ராத்திரியில் வரக்கூடிய ஆட்கள்தான் தேவை, பெண்கள் பகுதிக்குப் போகப் பெண் உறுப்பினர்கள் கட்டாயம் வேண்டும். பெயரைக் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.