பில்லுல ஏன் 'பேக்வெல்'னு எழுதித் தர்றதில்ல

வணக்கம்ங்க. பென்சில்வேனியா ஏலத்துல எடுத்து ஷெல்ஃப்ல வச்ச கட் கிளாஸ் (சக்கரத்துல டிசைன் வெட்டின கண்ணாடி) டம்ளருங்களப் பாத்துட்டு "இது பேக்வெல் கம்பெனி சரக்கு தானே, பில்லுல அப்படியே எழுதிக் குடுங்களேன்"னு நிறைய பேரு மெசேஜ் போடறீங்க. குடுக்க முடியாதுங்க, ஏன்னு சொல்லிடறோம்.

பெஞ்சமின் பேக்வெல் 1808ல பிட்ஸ்பர்க்ல ஆரம்பிச்ச கம்பெனி அது, ஈயம் கலந்த நல்ல கண்ணாடிய அமெரிக்காவுலயே செஞ்சு வித்து நிலைச்சு நின்னவங்க, ஜனாதிபதி மன்றோவும் அப்புறம் 1829ல ஜாக்சனும் வெள்ளை மாளிகைக்கு அங்கதான் செட்டு வாங்கினாங்க. அந்தப் பேரு ஏறினா விலை எங்கயோ போயிடும், எங்களுக்கு மட்டும் கசக்குமா என்ன! ஆனா அப்பல்லாம் டம்ளர் அடியில கம்பெனி முத்திரை போடறது வழக்கமே இல்ல. ஸ்ட்ராபெரி டைமண்ட் (சின்னச் சின்னக் கட்டம் போட்ட வைர வடிவம்), விசிறின்னு டிசைன் வெட்டின சரக்க பேக்வெல்லும் செஞ்சாங்க, மத்த அமெரிக்கப் பட்டறைங்களும் செஞ்சாங்க, இங்கிலாந்து அயர்லாந்துல இருந்தும் கப்பல்ல வந்து இறங்குச்சு. பழைய பில்லோ வேற ஆதாரமோ கையில இல்லாம பேரு வைக்கறது ஜோசியம்தான். அதனால "பிட்ஸ்பர்க் பாணி"ன்னு மட்டும் போடறோம்.

வெட்டினதா, அச்சுல அழுத்தினதாங்கறத மட்டும் தைரியமா சொல்லுவோம். 1820கள்லயே அச்சு வேலை வந்துடுச்சு, அதான் குழப்பம். கட்டை விரல டிசைன் மேல மெதுவா ஓட்டிப் பாருங்க, வெட்டினதுன்னா முனை கூரா தட்டுப்படும், அச்சு சரக்கு மழுங்கலா இருக்கும், சிலதுல அச்சு சேர்ந்த கோடே தெரியும். இரும்புச் சக்கரத்துல மணலும் தண்ணியும் விட்டு வெட்டி, கல்லுல தேச்சு, மரச் சக்கரத்துல பாலிஷ் ஏத்தறது கொஞ்ச வேலை இல்லைங்க, விலை அதுக்குத்தான்.

என்கிரேவிங், அதாவது கண்ணாடி மேல படம், எழுத்து செதுக்கறது, வேற கதை. சின்னச் செம்புச் சக்கரம், எண்ணெயில குழைச்ச எமரிங்கற தேய்ப்புப் பொடி, பெரும்பாலும் பாலிஷ் போடாம விட்டுடறதால பூவும் இலையும் சாம்பல் நிறத்துல நிக்கும். ஆனா பழைய வெறும் டம்ளர்ல புதுசா பேரு, தேதி செதுக்கி விக்கறவங்களும் இருக்காங்க, பளிச்னு வெள்ளையா பொடி பூத்தாப்ல இருந்தா நாங்க வாங்கறதே இல்ல.

வாங்கினவங்க டிஷ்வாஷர்ல மட்டும் போட்டுடாதீங்க. டிகான்டர்ல (ஒயின் ஊத்தி வைக்கற கண்ணாடிக் குடுவை) ஒயின ராத்திரி முழுக்க விட்டு வைக்கவும் வேணாம், ஈயம் இறங்கும். அதோட கண்ணாடி மூடிய (ஸ்டாப்பர்) மாத்தி மாத்திப் போடாதீங்க, அந்தந்த கழுத்துக்குன்னு தேச்சது அது.