எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் குடியம் குகைப் பயணம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள குடியம் குகைக்கு அழைத்துப் போகிறோம். "தரங்கம்பாடி பக்கத்திலேயே இருக்கே, அவ்வளவு தூரம் போய்க் குகையில் என்ன சார் பார்ப்பது?" என்று கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

நம் காவிரி டெல்டாவில் பாறை கிடையாது. தோண்டினால் களியும் மணலும்தான். வீட்டு அம்மிகூட வெளியூரிலிருந்து வந்தது. கற்காலம் என்று பாடம் நடத்தினால் பிள்ளைகளுக்கு அது புத்தகத்துப் படம், அவ்வளவே. வடக்கே கொசஸ்தலையாற்றுப் பக்கம் கதை வேறு. 1863-இல் பல்லாவரத்தில் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்த ஆங்கிலேய நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு அந்த ஆற்றுப் பக்கத்து அதிரம்பாக்கத்திலும் கண்டார். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகள் (கையில் பிடித்து வெட்டும் கல் கருவிகள்) சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011-இல் தெரியவந்தது. அந்த வட்டாரத்தில்தான் குடியமும் இருக்கிறது. 1960-களில் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்து கற்கருவிகளை எடுத்தது.

மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா குகைகள் போல ஓவியங்கள் இருக்கும் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டிவிடாதீர்கள், இங்கே ஓவியம் இல்லை. இருட்டுச் சுரங்கமும் இல்லை; முன்பக்கம் திறந்து, மேலே கூரை போலக் கவிந்து நிற்கும் பெரிய பாறை. உற்றுப் பார்த்தால் அந்தப் பாறையே கூழாங்கற்கள் இறுகிச் சேர்ந்ததுதான். குவார்ட்சைட் என்ற கடினமான கல் வகையான அந்தக் கூழாங்கல்லை இன்னொரு கல்லால் இரு பக்கமும் தட்டிச் சில்லு சில்லாய்ப் பெயர்த்தால் கைக்கோடரி. தங்க நிழல், கருவிக்குக் கல், இரண்டும் ஒரே இடத்தில். எனக்கு அதுதான் வியப்பு.

ஒரு கண்டிப்பு: அது பாதுகாக்கப்பட்ட இடம். ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது. எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் காலத்தைக் கணிக்கிறார்கள். பைக்குள் போன கல் வெறும் கல். பஸ் ஏறுமுன் எல்லார் பையையும் பார்ப்போம், கோபிக்க வேண்டாம். கருவிகளைப் பூண்டி அருங்காட்சியகத்தில் நிதானமாகப் பார்க்கலாம்.

காட்டுப் பாதையில் சில கிலோமீட்டர் நடை உண்டு. ஷூ, தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர் அவசியம். பாறையில் தேன்கூடுகள் இருக்கும் என்பதால் சென்ட் வேண்டாம், கூச்சலும் வேண்டாம். மூச்சிரைப்பு, ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஷூ இல்லாத பிள்ளை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்