கனகாவுக்கு ஒரு கடிதம்: பேச்சு எழுத வைத்து இலக்கணம் சொல்லித் தருவது

மஞ்சக்குப்பம், கடலூர்
ஜூலை 6

அன்புள்ள கனகா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் வகுப்புக்குப் போகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே வெயில் இன்னும் தணியவில்லை. சாயங்காலம் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து கடல்காற்று எழுந்தால்தான் வீட்டுக்குள் உட்கார முடிகிறது. அம்மா நலம். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நீ எடுக்கும் ஆங்கில மாலை வகுப்பைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் 20க்கு 18 வாங்குகிறவர்கள், எழுந்து நின்று நாலு வாக்கியம் பேசச் சொன்னால் தரையைப் பார்க்கிறார்கள் என்கிறாய். கோடிட்ட இடத்தில் வாக்கியம் வேறொருவர் கட்டியது. யார், எப்போது, எதை என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. இவர்கள் ஒரு சொல்லை மட்டும் எடுத்து வைக்கிறார்கள். பேச்சு எழுதும்போது எல்லா முடிவும் அவர்கள் தலையில். அதோடு, கட்டுரை படிப்பவர் புரியாவிட்டால் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார், பேச்சைக் கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. இரண்டு ஆண்களைப் பற்றிப் பேசிவிட்டு மூன்றாவது வாக்கியத்தில் 'ஹி' என்றால் யார் என்று எதிரில் இருப்பவர் முழிப்பார். அந்த முழிப்பைப் பார்த்துத்தான் இலக்கணம் எதற்கு என்று அவர்களுக்குப் புரியும். அதனால் பயிற்சித்தாளை ஓரமாக வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு பேச்சு எழுத வை.

அளவு முக்கியம். இரண்டு நிமிடம், 200 சொல், அதற்குமேல் வேண்டாம். புதிதாகப் பேசுகிறவர்களுக்கு நிமிடத்துக்கு 100 சொல்லே சரியான வேகம். ஒரு வாக்கியத்துக்கு எட்டுப் பத்துச் சொல் என்று வைத்தால் 20 முதல் 25 வாக்கியம் வரும். இவ்வளவு சின்னதா என்று யாராவது குறைப்பட்டால், 1863 நவம்பர் 19ஆம் தேதி லிங்கன் கெட்டிஸ்பர்கில் பேசியதே சுமார் 270 சொல்தான் என்று சொல். அந்தப் பேச்சின் முடிவில் வரும் 'ஆஃப் தி பீப்பிள், பை தி பீப்பிள், ஃபார் தி பீப்பிள்' என்பதையும் போர்டில் எழுதிப் போடு. மக்களுடைய, மக்களால், மக்களுக்காக. நமக்கு வேற்றுமை உருபு சொல்லின் வாலில் ஒட்டுகிறது, அவர்களுக்குத் தனிச் சொல்லாகத் தலையில் வந்து நிற்கிறது. இதைவிடத் தெளிவாக யாராலும் காட்ட முடியாது.

ஒரு பேச்சுக்கு ஒரு இலக்கணம் என்று வைத்துக்கொள். முதல் பேச்சு, ஒரு வேலையைச் செய்வது எப்படி. இதில் 'எ', 'தி' இரண்டையும் பிடித்துவிடலாம். தமிழர்களுக்கு ஆங்கிலத்தில் கடைசிவரை உதைப்பது இந்த இரண்டும்தான், ஏனென்றால் நம்மிடம் அவை இல்லை. 'ஒரு' என்பதை 'எ' என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'தி'க்கு ஈடாக எதையும் நினைப்பதில்லை. மீன் ஆய்வதையே தலைப்பாகக் கொடு, உன் ஊரில் தெரியாதவர் இருக்க மாட்டார். முதல் வரைவு இப்படித்தான் வரும்: 'டேக் ஃபிஷ். வாஷ். ரிமூவ் ஸ்கேல்ஸ். கட் ஹெட்.' இதை நீ திருத்தாதே. எதிரில் ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொரு வரிக்கும் 'எந்த மீன்?', 'எதைக் கழுவுவது?', 'எதன் தலை?' என்று கேட்கச் சொல். 'டேக் எ ஃபிஷ்' என்றால் ஏதோ ஒரு மீன், கேட்பவருக்கு அது இன்னும் தெரியாது. அடுத்த வரியில் அதே மீன் தெரிந்ததாகிவிட்டது, ஆகவே 'வாஷ் தி ஃபிஷ்', அல்லது 'வாஷ் இட்'. நாம் 'எடுத்துக் கழுவுங்கள்' என்று செயப்படுபொருளை விழுங்கிவிடுவோம், ஆங்கிலம் அந்த 'இட்'டைக் கேட்டு வாங்கும். தலையைப் பற்றி முன்பு பேசவே இல்லையே, பிறகு ஏன் 'தி ஹெட்' என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். கேட்டால் மகிழ்ச்சி அடை. அந்த மீனுக்கு ஒரு தலைதான், எந்தத் தலை என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும். 'தி' போடுவதா வேண்டாமா என்பது கேட்பவருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தது. கேட்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது இது சட்டென்று விளங்கும், நோட்டில் விளங்காது.

இதற்குத் தமிழிலேயே ஒரு கைப்பிடி இருக்கிறது. 'மீன் வாங்கினேன்' என்பதற்கும் 'மீனை வாங்கினேன்' என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேள். 'மீனை' என்றால் முன்பே பேசிய, அந்தக் குறிப்பிட்ட மீன் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த 'ஐ' செய்கிற வேலையில் பெரும்பகுதியைத்தான் 'தி' செய்கிறது. செயப்படுபொருள் இருக்கும் இடத்தில் மட்டும் இது பொருந்தும், எழுவாய்க்கு ஒத்துவராது என்பதையும் உடனே சொல்லிவிடு. அப்புறம் உப்பும் மஞ்சள்தூளும் வரும். 'எ சால்ட்' என்று எழுதுவார்கள். எண்ண முடியாததற்கு 'எ' கிடையாது, ஸ்பூனை எண்ணலாம், ஆகவே 'எ ஸ்பூன் ஆஃப் சால்ட்'.

எழுத வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. முதலில் தமிழில் எழுதி அப்புறம் மொழிபெயர்க்க விடாதே. 'நேற்று சந்தையில் அண்ணன் வாங்கி வந்த மீனை' என்று தமிழ் அடுக்கிக்கொண்டே போய் வினையைக் கடைசியில் வைக்கும். அதை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டினால் பாதி வழியில் வாக்கியம் அறுந்துபோகும். தமிழில் பேசிக்கொள்ளட்டும், தாராளமாக. தாளில் விழுவது மட்டும் ஐந்து கட்டங்களாக விழட்டும்: யார், செய்தது என்ன, எதை, எங்கே, எப்போது. இந்த வரிசையே ஆங்கில வாக்கியத்தின் வரிசை. பிறகு ரஃப் நோட்டில் வரிக்கு ஒரு வாக்கியம், ஒரு வரி விட்டு ஒரு வரி. காலி வரி திருத்தத்துக்கு. வரிக்கு ஒன்றாக எழுதினால் வினை இல்லாத வாக்கியம் கண்ணில் குத்தும். 'இவர் என் அப்பா' என்பதில் நமக்கு வினையே தேவையில்லை, அதனால்தான் 'ஹி மை ஃபாதர்' என்று வருகிறது.

திருத்துவதில் கை கட்டி இரு. அந்தப் பேச்சுக்கு எடுத்த இலக்கணம் எதுவோ அதை மட்டும் பார். மற்ற பிழைகளை உன் நோட்டில் குறித்து அடுத்த பேச்சுக்கு வைத்துக்கொள். ஒரு பக்கத்தில் 30 சிவப்புக் கோடு விழுந்தால் அவர்கள் செய்வது ஒன்றே ஒன்று, நீ எழுதியதைப் பார்த்து ஃபேர் நோட்டில் அழகாக எழுதுவது. சரியான சொல்லையும் எழுதிக் கொடுக்காதே. பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வை. பக்கத்தில் இருப்பவருக்கு வாய்விட்டுப் படித்து அவர்களே தேடட்டும். இரண்டாம் வரைவிலும் தப்பு நின்றால் அப்போது சொல்லிக் கொடு.

இரண்டாவது பேச்சு, ஒருவரை அறிமுகப்படுத்துவது. 'வர்க்ஸ்', 'லிவ்ஸ்' என்று அந்தக் கடைசி 'ஸ்' பழக இது போதும். 'மை ஃபாதர் ஹி வர்க்ஸ்' என்று எழுவாயை இரட்டிப்பது, 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்பது, இந்த இரண்டையும் கவனி. ஒரு வாரத்தில் முடித்துவிடு.

மூன்றாவது, நடந்ததைச் சொல்வது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாளான ஆகஸ்ட் 16 வருகிறதே, உனக்குத் தலைப்பைத் தேடவே வேண்டாம். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை இந்தியாவோடு இணைப்பதா என்று 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் புதுச்சேரி சட்டப்படி கைமாறியது. நாலு தேதிக்குள் கடந்த காலத்தின் எல்லா வடிவமும் தானாக வந்து விழுகிறது பார்.

முதல் விதி: தேதியைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வரக்கூடாது. 'நேற்று வந்திருக்கிறார்' என்று நாம் சொல்கிறோமே, அதனால் 'ஹி ஹாஸ் கம் எஸ்டர்டே' என்று எழுதுவார்கள். 'இன் 1954 தே வோட்டட்', அவ்வளவுதான். பேச்சின் கடைசியில் இன்றைக்கு வரும்போது, 'சின்ஸ் தென்' என்று தொடங்கினால் 'புதுச்சேரி ஹாஸ் சேஞ்ச்ட்' தேவைப்படும். அங்கே 'ஹாஸ்' சரி, ஏனென்றால் அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. 1962ல் நின்றுகொண்டு அதற்கு முந்தியதைச் சொல்லும் இடத்துக்கு 'ஹேட்': 'பை 1962, இந்தியா ஹேட் ஆல்ரெடி ரன் தி அட்மினிஸ்ட்ரேஷன் ஃபார் மோர் தேன் செவன் இயர்ஸ்.' ஒரு கோடு போட்டு நாலு தேதியையும் குறித்து, ஒருவரை அந்தக் கோட்டில் நடக்க வைத்து, நிற்கும் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்து வாக்கியம் சொல்ல வை. 'ஹேட்' என்றால் நிற்கும் இடத்துக்கும் பின்னால் பார்ப்பது என்று உடம்புக்கே தெரிந்துவிடும்.

செயப்பாட்டு வினையும் இங்கேயே வருகிறது. தமிழில் 'படு' சேர்ப்பது புத்தக வாடை அடிப்பதால் இதை வீண் வேலை என்று நினைக்கிறார்கள். நாம் 'புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள்' என்று 'ஐ'யைப் போட்டு முன்னால் வைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த 'ஐ' இல்லை, முன்னால் வைத்த பெயர் எழுவாயாகிவிடும். பேச்சு புதுச்சேரியைப் பற்றியது என்பதால் புதுச்சேரி முன்னால் நிற்க வேண்டும், அதற்கு வினை வளைந்து கொடுக்கிறது: 'புதுச்சேரி வாஸ் டிரான்ஸ்ஃபர்ட் டு இந்தியா.' இந்தக் காரணத்தைச் சொல்லாமல் வாய்ப்பாடு மட்டும் கொடுத்தால் மனப்பாடம் செய்வார்கள், எங்கே போடுவது என்று தெரியாது.

நாலாவது, ஒரு கோரிக்கை. நம் 'வேண்டும்' ஒன்றே 'மஸ்ட்', 'ஷுட்', 'வான்ட்', 'நீட்' நாலையும் சுமக்கிறது. கவுன்சிலரிடம் போய் 'யூ மஸ்ட்' என்றால் அதட்டலாகிவிடும், 'குட் யூ' (could you) பழகட்டும். 'கட்டினால்' என்பதில் காலம் இல்லாததுபோல 'இஃப்' இருக்கும் பாதியில் 'வில்' வராது என்றும் சொல்லிவிடு.

தொடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'ரெஸ்பெக்டட் சீஃப் கெஸ்ட், டிக்னிட்டரீஸ் ஆன் அண்ட் ஆஃப் தி டயஸ்' என்று ஆரம்பிப்பதை அடியோடு வெட்டு. 200 சொல்லில் 30 அதிலேயே போய்விடும், கற்றுக்கொள்ள அதில் எதுவும் இல்லை. 'குட் ஈவினிங், எவ்ரிஒன்' போதும். 'மைசெல்ஃப் குமார்' வேண்டாம், 'ஐ ஆம் குமார்'.

மேடைக்கு எழுதிய தாளை எடுத்துப் போக விடாதே. தபால் கார்டு அளவு அட்டை, அதில் ஏழெட்டுச் சொல். வினையை மூல வடிவில் எழுதட்டும், 'வோட்' என்று மட்டும். பேசும்போது அது 'வோட்டட்' என்று வாயிலிருந்து வந்தால் இலக்கணம் உள்ளே இறங்கியிருக்கிறது. உச்சரிப்பில் ஒன்றே ஒன்று: 'ட்' ஒலியில் முடியும் வினைக்குத்தான் கடைசியில் தனி அசை சேரும், 'வாஷ்ட்', 'கிளீன்ட்' எல்லாம் ஒரே அசை. செல்போனில் எழுதி வாங்கி வருவார்களே என்ற உன் கவலைக்கும் வழி இருக்கிறது, கனகா. பேசி முடித்ததும் கேட்டவர்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும், அதே காலத்தில் பதில் வர வேண்டும். சொந்தமாக எழுதியவர் தப்போடாவது சொல்வார், வாங்கி வந்தவர் நின்றுவிடுவார். அவரைக் கடியாதே, அடுத்த வாரம் மீன் ஆய்வதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்.

16ஆம் தேதிக்குப் பேசப்போகிற மூன்று பேரின் முதல் வரைவை, நீ ஒரு புள்ளிகூட வைக்காமல், நகலெடுத்து அனுப்பு. எந்த வரியில் புள்ளி வைக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று குறித்து அடுத்த தபாலிலேயே திருப்பி அனுப்புகிறேன். முழங்காலுக்குத் தைலம் போடுவதை நிறுத்திவிடாதே.

அன்புடன்,
வசந்தி