வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தன்பாலீர்ப்பாளர் வரலாறு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

கிங்ஸ் கல்லூரியில் ஆரம்பித்தோம். கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங் 1931இல் அங்கே மாணவராகச் சேர்ந்தார், 1935இல் ஃபெல்லோ, அதாவது கல்லூரியின் ஆய்வு உறுப்பினர் ஆனார். அவருடைய தாயார் பிறந்தது போத்தனூரில் என்றதும் நம் கோவைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஓர் ஆணுடன் உறவு வைத்தார் என்று 1952இல் டூரிங்குக்குத் தண்டனை விதித்தார்கள். சிறைக்குப் பதில், பாலுணர்வை அடக்கும் ஹார்மோன் சிகிச்சை. 1954இல், 41 வயதில் இறந்துபோனார். 2009இல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார், அது சரி. 2013இல் வந்த அரச மன்னிப்பைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குற்றமே செய்யாதவரை எதற்காக மன்னிப்பது?

அதே கல்லூரியில் படித்தவர் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர். இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் 'மாரிஸ்' நாவலை 1914இலேயே எழுதி முடித்துவிட்டார். அது அச்சானது 1971இல், அவர் இறந்த மறு ஆண்டு. ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய சட்டம் 1967இல் இங்கிலாந்தில் தளர்ந்த பிறகும் அவர் அதை வெளியிடவில்லை. மகிழ்ச்சியான ஓர் ஆண்டு இனி வரும் என்று நம்பி, அந்த ஆண்டுக்கே நூலைக் காணிக்கையாக்கியிருக்கிறார். அதை வாசித்தபோது கூட்டத்தில் பலருக்குக் கண் கலங்கியது.

கேம்பிரிட்ஜின் மாக்டலன் கல்லூரித் தலைவராக இருந்த எழுத்தாளர் ஏ. சி. பென்சன் விட்டுச்சென்ற 180 நாட்குறிப்புத் தொகுதிகளும், அவர் இறந்து 50 ஆண்டுகள் பூட்டியே இருந்தன. ஒரு கடிதமே சிறைக்கு அனுப்பிவிடக்கூடிய காலம். எத்தனை பேர் எழுதியதை எரித்தார்களோ!

'இதெல்லாம் நமக்கு எதற்கு?' என்று ஓர் உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். தன்பாலுறவைக் குற்றமாக்கி பிரிட்டிஷார் எழுதிய 377ஆம் பிரிவின் பிடி இந்தியாவில் 2018இல்தான் தளர்ந்தது. இலங்கையில் அதே போன்ற 1883ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளையும் தொட்ட சட்டம் அது.

பெண்களைப் பற்றி இந்த ஆண்டு போதுமான அளவு படிக்கவில்லை. பெண்களுக்கான கர்ட்டன் கல்லூரி 1869இல் தொடங்கியும், பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைத்தது 1948இல்தான். அடுத்த ஆண்டு கர்ட்டனையும், இன்னொரு பெண்கள் கல்லூரியான நியூனமையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் பரிந்துரை. கட்டுரை வாசிக்க விரும்புவோர் இன்றே பெயர் கொடுக்கவும்.